ஒரு விளையாட்டுக்காக ஐஸ்லாந்து வரை போகணுமா? ஈவ் ஃபேன்ஃபெஸ்ட் 2023, தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து

13 ஆகஸ்ட் 2023 – டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணா, ஈவ் ஆன்லைன் ஆட்டக்காரர்கள் ஐஸ்லாந்தில் கூடும் ஃபேன்ஃபெஸ்ட் விழாவில், மேடையில் நடப்பதை ட்விட்ச் தளத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். காசு கிடையாது. அப்புறம் எதற்கு விசா, விமானம், குளிர்? அந்தப் பணத்தில் ஒரு நல்ல இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்கினால் வருஷம் முழுக்க கரண்ட் கவலை இல்லாமல் ஆடலாம். போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

13 ஆகஸ்ட் 2023, இரவு

இன்வெர்ட்டர் பற்றி நீ சொன்னதில் தவறில்லை தம்பி. கடையில் உட்கார்ந்து நானே அந்தக் கணக்கைப் பலமுறை போட்டிருக்கிறேன். ஒரு யூரோ 20 ராண்டைத் தாண்டி நிற்கிறது. டிக்கெட், அறை, விமானம், விசா எல்லாம் சேர்த்தால் 50,000 ராண்டுக்கு மேல் வரும். ஆனாலும் போகிறேன். டிக்கெட் வாங்கியாயிற்று, செப்டம்பர் 21 முதல் 23 வரை. ஏன் என்பதை நிதானமாக எழுதுகிறேன். இன்றைக்கு லோட் ஷெட்டிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) தொடங்க இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கிறது.

15 ஆகஸ்ட் 2023

ஈவ் ஆன்லைன் ஆடாதவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று தெரிகிறது, அதனால் கொஞ்சம் அடிப்படை. ரெய்காவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே 6 அன்று வெளியிட்ட விண்வெளி விளையாட்டு இது. 7,000க்கும் மேற்பட்ட சூரிய மண்டலங்கள். கப்பலை நாமே கட்டலாம், விற்கலாம், உடைக்கலாம். உடைந்தால் உடைந்ததுதான், திரும்ப வராது.

மற்ற விளையாட்டுகளில் ஐரோப்பாவுக்கு ஒரு சர்வர், ஆசியாவுக்கு ஒரு சர்வர் என்று பிரித்து வைப்பார்கள். ஆப்பிரிக்காவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எங்கேயாவது ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஈவில் சீனாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஒரே உலகம். சர்வர் லண்டனில். டோங்காட்டில் மோட்டார் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிற நானும் போலந்தில் இருக்கிற ஒருவரும் ஒரே சந்தையில் பேரம் பேசுகிறோம், ஒரே சண்டையில் சாகிறோம்.

நான் சேர்ந்தது 2009 கடைசியில். நமக்கு வடக்கே முதுன்சினியில் கரையேறும் சீகாம் கடலடி இணையக் கேபிள் அந்த ஜூலையில்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் இணையம் எவ்வளவு விலை, மாசத்துக்கு எத்தனை ஜிகா என்பதெல்லாம் என் வயசுக்காரர்களுக்கு மறக்காது.

16 ஆகஸ்ட் 2023

இன்னொருவர் கேட்கிறார், "ஒரே உலகம் என்றால் என்ன பெரிய வித்தியாசம்?" ஒரு உதாரணம் சொல்கிறேன். 2014 ஜனவரி 27, திங்கட்கிழமை. பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய ஆட்சி வரியை ஒரு கூட்டணி கட்டத் தவறியது. எதிரிகள் உள்ளே நுழைந்தார்கள். ஏறத்தாழ 21 மணி நேரச் சண்டை. விளையாட்டிலேயே பெரிய கப்பலான டைட்டன்கள் 75 உடைந்தன. அவற்றைக் கட்டச் செலவான பணத்தை உண்மையான டாலரில் கணக்குப் போட்டால் மூன்று லட்சத்துக்கு மேல் என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின.

ஆள் கூடிப்போனால் சர்வர் விழாமல் இருக்க விளையாட்டுக்குள் நேரத்தையே மெதுவாக்குவார்கள். டைடை என்போம். பத்தில் ஒரு பங்கு வேகம் வரை இறங்கும். கடை மூடிவிட்டு வந்து அன்று மாலை சேர்ந்தேன், தூங்கினேன். செவ்வாய் காலை கடை திறக்கப் போகும்போதும் அதே சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓட்டியது மற்ற கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கப்பல். அந்த 21 மணி நேரத்தில் என் காதில் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

20 ஆகஸ்ட் 2023

உண்மையான காரணத்தை எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவி சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

2022 மே மாத ஃபேன்ஃபெஸ்டுக்கே போக இருந்தேன். கொரோனா காரணமாக நின்றுபோயிருந்தது மறுபடி தொடங்கிய வருஷம் அது. ஏப்ரல் 11, 12 மழை எல்லாவற்றையும் மாற்றியது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்த அந்த வெள்ளம் பற்றி எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டின் பின்சுவர் சரிந்தது. டோங்காட்டின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் உடைத்துவிட்டதால் மாசக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டேங்கர் வரும் சத்தம் கேட்டால் பக்கெட்டோடு ஓடுவோம். என் ஆயாவுக்கு அப்போது 88 வயசு. அவருக்குக் குளிக்கத் தண்ணீர் பிடிப்பதுதான் என் அன்றாட வேலை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன், விளையாட்டையே மறந்தேன்.

எனக்கு அங்கே ஒரு ரைடாரு இருந்தது. ரைடாரு என்றால் விண்வெளித் தொழிற்சாலை. கார்ப் (நாங்கள் சேர்ந்து ஆடும் குழு) பெயரில் இருந்தாலும் நான் இரண்டு வருஷம் உழைத்து நிறுத்தியது, எரிபொருள் போடுவது என் பொறுப்பு. எரிபொருள் தீர்ந்து ஏழு நாள் ஆனால் கைவிடப்பட்டதாகிவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் ஒரே மூச்சில் உடைத்து உள்ளே இருப்பதை அள்ளலாம். ஏழு வாரம் கழித்து, போயிருக்கும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். நின்றுகொண்டிருந்தது. எரிபொருள் நிறைய இருந்தது. போலந்துக்காரர் போட்டு வைத்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், எங்கள் படைத்தலைவர். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

அவர் இந்த வருஷம் ரெய்காவிக் வருகிறார். நேரில் நன்றி சொல்லப் போகிறேன் தம்பி. அதை ட்விட்சில் செய்ய முடியாது.

29 ஆகஸ்ட் 2023

விசா நேர்காணலில் பயணக் காரணம் கேட்டார்கள். "விளையாட்டு மாநாடு" என்றேன். "எந்த விளையாட்டு, கால்பந்தா?" பத்து நிமிஷம் விளக்கினேன். கடை வரிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், திரும்பி வருவேன் என்பதற்கான சான்று என்று ஒரு கோப்பு நிறையக் கேட்டார்கள். நம் பாஸ்போர்ட்டோடு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இது பழக்கம்தான். ஆனால் நான்கு வாரம் முன்கூட்டிப் போதும் என்று நினைக்காதீர்கள். எனக்கு எஞ்சியிருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

12 செப்டம்பர் 2023

விசா வந்துவிட்டது.

17 செப்டம்பர் 2023

நாளை புரட்டாசி பிறக்கிறது. மாசம் முழுக்க வீட்டில் மாமிசம் கிடையாது, மது கிடையாது. 23ஆம் தேதி முதல் புரட்டாசிச் சனி. அன்று நான் ரெய்காவிக்கில் இருப்பேன். அம்மாவுக்கு இதுதான் பெரிய கவலை. அரிசி இரண்டு கிலோ, எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில், மிளகாய்ப் பொடி, குட்டி குக்கர். பெட்டியில் பாதி இதுவே. டர்பன், துபாய், கோபன்ஹேகன், கெஃப்ளாவிக் என்று இந்த ஊறுகாய் எத்தனை பரிசோதனையைத் தாண்டப் போகிறதோ.

21 செப்டம்பர் 2023, ரெய்காவிக்

ஊறுகாய் பத்திரம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் என்னை உலுக்கிவிட்டது. விளையாட்டுக்குள் கடிகாரம் எப்போதும் யுடிசி, உலகப் பொது நேரம். பதினான்கு வருஷமாக இரண்டு மணி நேரம் கூட்டிக் கூட்டிக் கணக்குப் போட்டே பழகியவன் நான். "19:00க்குப் படை கிளம்பும்" என்றால் எனக்கு இரவு ஒன்பது. ஐஸ்லாந்தில் வருஷம் முழுக்க யுடிசிதான். இன்று காலை கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன், விளையாட்டின் மணியும் என் மணியும் ஒன்றாகிவிட்டன. தினமும் 11:00க்கு சர்வர் சிறிது நேரம் நிற்கும், டவுன்டைம். எனக்கு அது மதியச் சோற்று நேரம். இங்கே காலை நேரத்துக் காப்பி.

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முட்டை நாற்றம். பூமிக்கடியிலிருந்து வரும் நீர், கந்தகம். எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் சூடாக வந்துகொண்டே இருக்கிறது. மின்சாரமும் ஏறத்தாழ முழுக்க ஆற்றிலிருந்தும் பூமிச்சூட்டிலிருந்தும். விடுதி வரவேற்பறைப் பெண்ணிடம் லோட் ஷெட்டிங் என்றால் என்ன என்று விளக்க முயன்றேன். "முன்கூட்டியே அட்டவணை போட்டா அணைப்பார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டோங்காட்டில் பக்கெட்டோடு நின்ற நாட்கள் நினைவுக்கு வந்து குழாயை மூடினேன்.

22 செப்டம்பர் 2023

ஹார்பா மண்டபம். துறைமுகத்தை ஒட்டி நிற்கும் கண்ணாடி மாளிகை. 2011இல் திறந்தது. 2008 வங்கிச் சரிவில் பாதியில் நின்றுபோன கட்டடத்தை அரசும் நகரமும் சேர்ந்து முடித்தார்களாம். எரிமலைப் பாறைத் தூண்கள் இங்கே இயற்கையாகவே அறுகோணமாக நிற்கும், அந்த வடிவத்தில் கண்ணாடிச் செங்கற்கள் அடுக்கியிருக்கிறார்கள். வடிவமைப்பில் கலைஞர் ஓலாஃபுர் எலியாசனின் பங்கு உண்டு. சூரியன் நகர நகரத் தரையில் பச்சையும் மஞ்சளும் நகர்கின்றன. மேடைக்குப் போக மறந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிவிப்புகள்: ஹேவக் என்ற விரிவாக்கம், கடற்கொள்ளையர் பக்கம் சேர்ந்து ஆடலாம். வேன்கார்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, இதே உலகத்தோடு இணைந்தது. இவற்றை நீங்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே பார்த்திருப்பீர்கள், இதற்கு மேல் எழுதவில்லை.

திரையில் வராதது வட்டமேசைகள். முப்பது நாற்பது பேர் ஓர் அறையில், நடுவில் விளையாட்டின் அந்தந்தப் பகுதியை உருவாக்குபவர். தொழிற்சாலை விதிகள் பற்றிய மேசையில் கை தூக்கினேன். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் நாடுகளில் இருப்பவர்கள் பற்றிச் சொன்னேன். சண்டையில் சுட்ட பிறகு தொடர்பு போனால் கப்பல் 15 நிமிஷம் அங்கேயே கிடக்கும், ஓடித் தப்பிக்கிறவர்களைத் தடுக்க வைத்த விதி. எனக்குக் கரண்ட் போனாலும் அதே விதிதான். என் குரல் நடுங்கியது. நடுவில் இருந்தவர் எழுதிக்கொண்டார். விதி மாறாது என்று எனக்குத் தெரியும், மாறினால் ஏமாற்றுக்காரர்கள் எல்லோரும் பிளக்கைப் பிடுங்குவார்கள். ஆனால் வெனிசுவேலாக்காரர் ஒருவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

23 செப்டம்பர் 2023, காலை

புரட்டாசிச் சனி. குளித்துவிட்டு வந்து விடுதி அடுக்களையில் சோறு வைத்தேன். இங்கே ஸ்கிர் என்று ஒன்று விற்கிறது, கெட்டித் தயிர் மாதிரி. சோற்றில் பிசைந்து, ஊறுகாய் தொட்டு. பக்கத்தில் காப்பி போட்டுக்கொண்டிருந்த ஜெர்மானியப் பையன் ஒரு வாய் கேட்டான். கொடுத்தேன். இரண்டாவது வாயும் கேட்டான்.

24 செப்டம்பர் 2023, விமான நிலையம்

நேற்றைய நாளை வரிசையாக எழுத முடியவில்லை, வந்தபடி எழுதுகிறேன்.

போலந்துக்காரரைப் பார்த்தேன். பதினொரு வருஷமாகக் கேட்ட குரல். நான் உயரமான, தாட்டியான ஆளாக நினைத்து வைத்திருந்தேன். என் தோளுக்கும் கீழே நிற்கிற சின்ன மனிதர், மூக்குக் கண்ணாடி, கையில் பிளாஸ்டிக் பை. வாய் திறந்து என் விளையாட்டுப் பெயரைச் சொன்னதும் ஹார்பா படிக்கட்டிலேயே கட்டிக்கொண்டேன்.

மாலை ஏழு மணிக்கு ரக்பி உலகக் கோப்பை, பாரிசில் நம் அணியான ஸ்பிரிங்பொக்ஸும் அயர்லாந்தும். கேப் டவுன்காரர் இருவர், பிரிட்டோரியாக்காரர் ஒருவர், நான், அயர்லாந்திலிருந்து வந்த ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஒரே மதுக்கடையில். அவர்கள் பீர், எனக்கு ஆப்பிள் ஜூஸ். 13க்கு 8 என்று தோற்றோம். அயர்லாந்துக்காரர்களோடு அப்படியே கடைசி இரவு விருந்துக்குப் போனோம். கச்சேரிச் சத்தம் தாங்காமல் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன், வயசு 41 ஆகிறது.

அதற்கு முன்னால், மதியம், ஈவ் ஆட்டக்காரர்களுக்கான நினைவுச்சின்னம். துறைமுகப் பக்கம் நிற்கிறது, 2014 ஃபேன்ஃபெஸ்டில் திறந்து வைத்தது. அப்போது கணக்கு வைத்திருந்த ஆட்டக்காரர்களின் பெயர்களெல்லாம் அடித்தளத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. குனிந்து தேடினேன். காற்று காதை அறுக்கிறது. கிடைத்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

என் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் இப்படித்தான் ஒருமுறை தேடினேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து டர்பன் வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரையும் எண் போட்டுப் பதிந்த கப்பல் பட்டியல்கள். அவர் பெயர், ஊர், உயரம், உடம்பில் தழும்பு எங்கே என்பது வரை இருந்தது. அந்தக் காகிதத்தைத் தொட்டபோது இருந்த அதே நடுக்கம் விரலில்.

நன்றி சொன்னதைப் பற்றி வீட்டுக்குப் போய் எழுதுகிறேன். அழைக்கிறார்கள்.

26 செப்டம்பர் 2023

திங்கட்கிழமை விடுமுறையும் தூக்கத்திலேயே போனது.

ஆகஸ்ட் 20 குறிப்பைத் திருத்த வேண்டும். போலந்துக்காரர்தான் எரிபொருள் போட்டார் என்று எழுதியிருந்தேன். நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் வைத்து நன்றி சொன்னேன். பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அவர் கேட்டுவிட்டு, "முதல் இரண்டு வாரம் நான். அப்புறம் எனக்கு இதய அறுவை சிகிச்சை, ஜூலை வரை உள்ளே வரவே இல்லை. மீதி ஐந்து வாரமும் இவள்" என்று கையைக் காட்டினார்.

எங்கள் கூட்டத்தில் ஓரமாக நின்ற ஒரு பெண். ஃபின்லாந்து, பள்ளியில் கணக்கு டீச்சர். 2021இல் சந்தை விலை விஷயமாக எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. கார்ப்பை விட்டே தூக்க வேண்டும் என்று நான் எழுத்திலேயே கேட்டிருந்தேன், எல்லோரும் படிக்கும் இடத்தில். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை. என் ரைடாரு எங்கே நிற்கிறது என்று தேடிப்போய், எரிபொருள் கட்டிகளைச் சுமந்து, வாரா வாரம் ஆபத்தான ஐந்து மண்டலம் தாண்டி வந்திருக்கிறார். ஒருமுறை கப்பலோடு பறிகொடுத்துமிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கள் ஊரில் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். அந்த நேரத்தில் போய் இதைச் சொல்வதா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார். அதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை வரவில்லை, மூவரும் போய் டீ குடித்தோம்.

28 செப்டம்பர் 2023

கப்பல் பட்டியலையும் நினைவுச்சின்னத்தையும் ஒன்றாக வைத்தது தவறு என்று டர்பன் மெரேபாங்கிலிருந்து ஓர் ஐயா எழுதியிருக்கிறார். கோபமாகத்தான் எழுதியிருக்கிறார், எழுதட்டும். இரண்டு இரவு யோசித்தேன். அவர் சொல்வதை ஏற்கிறேன். கொள்ளுத்தாத்தா பெயரை எழுதியது அவருக்காக அல்ல, கரும்புத் தோட்டத்து முதலாளி கணக்கு வைத்துக்கொள்ள. என் பெயர் நானே தேர்ந்தெடுத்தது, நானே விரும்பிப் போனது. விரல் நடுங்கியது நிஜம், அதை அழிக்க மாட்டேன். ஆனால் "அதே நடுக்கம்" என்று எழுதியிருக்கக் கூடாது.

1 அக்டோபர் 2023

இன்னொரு திருத்தம். ஸ்கிர் செய்ய மரபாகக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள் என்று ஒரு அக்கா சொல்கிறார். எல்லாத் தயாரிப்பிலும் இல்லையாம். நான் டப்பாவைப் படிக்காமல் சாப்பிட்டுவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். அடுத்த சனி பிரேக் வில்லேஜ் கோயிலில் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றச் சொன்னார். புரட்டாசியில் போகிறவர்கள் டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

29 அக்டோபர் 2023

12க்கு 11! ரக்பி உலகக் கோப்பை நம்முடையது! அயர்லாந்துக்காரர்கள் ஏழு பேரும் வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

9 பிப்ரவரி 2025

பீனிக்ஸ் தம்பி ஒன்றரை வருஷம் கழித்து இந்தப் பக்கத்தைத் தோண்டி எடுத்திருக்கிறான். 2024இல் ஃபேன்ஃபெஸ்ட் இல்லை, அடுத்தது 2025 மே 1 முதல் 3 வரை, அதே ஹார்பா. "அண்ணா, இப்போது நான் போகலாமா?" என்கிறான். இன்வெர்ட்டர் வாங்கிவிட்டானாம், அதையும் சொல்கிறான்.

போ தம்பி. விசாவை இந்த வாரமே தொடங்கு. மே மாசம் புரட்டாசி இல்லை, இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். காற்றுக்கு நல்ல ஜாக்கெட் எடு, குடை வேண்டாம், திருப்பிவிடும். மேடை நிகழ்ச்சிகளைப் பாதி விட்டுவிடு, வட்டமேசைக்குப் போ. உன் கார்ப்பில் யாரோடு மனஸ்தாபமோ அவர் வருகிறாரா என்று முன்னாலேயே கேட்டுவை.

நான் இந்த முறை போகவில்லை, ஆயா படுக்கையில் இருக்கிறார். ஃபின்லாந்து டீச்சரும் வரமாட்டார். அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நவம்பரிலிருந்து விளையாட்டுக்குள் வரவில்லை. அவருடைய தொழிற்சாலை என்னுடையதிலிருந்து ஒன்பது மண்டலம் தள்ளி. ஞாயிறுதோறும் டவுன்டைம் முடிந்து, நம் நேரம் ஒரு மணிக்கு மேல், சோறு சாப்பிட்டதும் கிளம்புகிறேன். இன்று 40 நாளுக்குப் போட்டுவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லவில்லை, யாரும் சொல்லாதீர்கள்.